சூழற்காவலும் சொற்காவலும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. அத்தகைய வட்டத்தின் விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல், ஆலைப் புகையையும் கழிவுநீரையும் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. சூழலைக் காக்கும் பணிக்கு முதற்கருவி சொல். அச்சொல்லைப் பேணுவதே நம் வட்டத்தின் தொழில்.

நாம் வாழும் இடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஏனாத்தூருக்குக் கிழக்கே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் நிறைந்த வட்டாரம் விரிந்து கிடக்கிறது. காஞ்சி நகரையொட்டி வேகவதி, தெற்கே பாலாறு. அப்பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் ஆலைகள் செய்த கேட்டைப் பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி நாட்டின் சட்டத்தில் வேரூன்றிய தீர்ப்புகளுள் அது ஒன்று. அத்தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் ஆய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டன என்பது அது. ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகச் சென்று திரட்டிய கணக்கு. 'நீர் கெட்டுவிட்டது' என்னும் புலம்பலை நீதிமன்றம் கேட்டிருக்கலாம், கேளாமலும் விட்டிருக்கலாம். அந்த எண்ணை ஒதுக்க இயலவில்லை.

கிணற்றை எண்ணலாம், காற்றை எங்ஙனம் எண்ணுவது? இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் கடலூர் மக்கள். அவர்கள் கதை கவிஞர்கள் கேட்க வேண்டிய கதை.

கடலூருக்குத் தெற்கே, உப்பனாற்றங்கரையில், 1980களில் சிப்காட் வளாகம் எழுந்தது. மருந்து, சாயப்பொருள், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைச் செய்யும் வேதியியல் ஆலைகள் அங்கே வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் முதலிய ஊர்களில் வாழ்வோர் மூச்சுத் திணறலையும் கண்ணெரிச்சலையும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தனர். 'நாற்றம் அடிக்கிறது' என்று மனு எழுதுவார்கள். அதிகாரி வருமுன் காற்றுத் திசை மாறிவிடும். எந்த நாற்றம், எப்பொழுது, எங்கிருந்து என்ற வினாக்களுக்கு மனுவில் விடை இராது.

2004இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் துணையோடு அவ்வூர் மக்கள் சிலர் பயிற்சி பெற்று, சிப்காட் வட்டாரச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாக இயங்கத் தொடங்கினர். அவர்கள் கற்ற முதற்பாடம் மோப்பம். நாள், நேரம், இடம், காற்றின் திசை, உடலில் தோன்றும் தொல்லை, இவற்றோடு அந்த நாற்றம் எதனைப் போன்றது என்பதையும் எழுதுதல் வேண்டும். அழுகிய முட்டை போன்றதெனில் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அழுகிய முட்டைக்கோசு எனில் மெர்காப்டன் வகையை ஐயுறலாம். நகப்பூச்சு நெடி எனில் அசிட்டோன் போன்ற கரைப்பான். உவமை இங்கே அணியாக நில்லாமல் சான்றாக நிற்கிறது.

இதில் ஓர் அபாயமும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்துவிட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றது போலத் தோன்றும், நஞ்சோ நிற்காது. ஆகவே தொடக்கத்திலேயே குறித்துக்கொள்வது உயிர் காக்கும் பழக்கமாகிறது.

மோப்பத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 1995இல் கலிபோர்னியாவில், எண்ணெய் ஆலைகளை அடுத்து வாழ்ந்த மக்களுக்காக உருவான எளிய வாளிக் கருவியைக் கையாண்டனர். வாளிக்குள் ஒரு சிறப்புப் பிளாஸ்டிக் பை. அதில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. ஆய்வில் புற்றுநோய் விளைவிப்பன உட்பட நச்சுப்பொருள்கள் பல வெளிப்பட்டன. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004இல் கடலூருக்கு நேரில் வந்தது. எழுத்தறிவு குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மீனவரும் உழவரும் சொன்னதை அறிவியலாளர் செவிகொடுத்துக் கேட்டனர்.

இதனால் கேடு ஒழிந்துவிடவில்லை. 2021 மே மாதம் அதே வளாகத்து ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். குறிப்பேடு ஆலையை நிறுத்திவிடாது. ஆனால் 'எமக்குத் தெரியாது' என்று எவரும் சொல்ல முடியாதபடி அது செய்துவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். நாற்றம் என்ற சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று கெட்ட வாடைக்கு மட்டும் ஆகிவிட்டது. நெடி, கமறல், கவிச்சி, முடை, மக்கல் என்று நுட்பமாகப் பிரித்தறியும் சொற்கள் நம்மிடம் இருந்தும், எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அடைத்துவிடுகிறோம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் கபிலர். அம்மரபில் வந்தோர் ஓர் ஓடையின் கேட்டைப் பெயர் சொல்லி அழைக்க இயலாதா?

நிறத்திலோ காஞ்சிக்கு நிகர் இல்லை. அரக்கு, மயில் கழுத்து, மாந்துளிர், வெங்காயச் சருகு, வாடாமல்லி என்று நெசவாளர் கண் ஒவ்வொரு சாயலையும் பிரித்துச் சொல்லும். பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிப் பசை நீக்கிச் சாயம் தோய்க்கும்போது மிஞ்சும் நீர் எங்கேனும் சென்றே தீரும். அந்நீரின் நிறத்தைச் சரியாகச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்? இதனை நெசவாளரைக் குற்றஞ்சாட்டுவதாகக் கொள்ள வேண்டா. அவரையே முதற்காவலராக அழைப்பதாகக் கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் வட்டம் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கட்டும். திங்கள்தோறும் ஒரு காலை, பள்ளி மாணவரையும் நெசவாளரையும் உடனழைத்து, வேகவதிக் கரையிலும் நம் ஏரிக்கரைகளிலும் நடப்போம். நீரின் நிறம், மணம், நாள், நேரம், மழை உண்டா இல்லையா என்பதை எழுதுவோம். மிகை வேண்டா, அணி வேண்டா, கண்டதைக் கண்டவாறு சரியான சொல்லால் எழுதினால் போதும். பன்னிரண்டு திங்கள் சென்றபின் அக்குறிப்பேடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் வைக்கத்தக்க ஆவணமாகும். நம் மாணவருக்கோ அது சூழற்கல்விப் பாடநூலாகும்.

கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு வரி கெடும். மனுவில் ஒரு சொல் பிழைத்தால் ஓர் ஊரின் முறையீடு கேட்பாரற்றுப் போகும். இரண்டாவதற்கும் பொறுப்பேற்கும் தகுதி நமக்கு உண்டு என்று கூறி அமைகிறேன்.