சோபாவைக் கிழிக்கும் நாய்



"டாக்டர், சோபாவைக் கிழிச்சிட்டான். யாருக்காவது கொடுத்திடலாமா? இல்லே, ஊசி போட்டுடலாமா?" எந்த ஊசி என்று உங்களுக்கே தெரியும். கொண்டு வந்திருப்பது ஒரு வயது சிப்பிப்பாறை. முயல் விரட்டிய வம்சம். அதைப் பால்கனியில் கட்டிப்போட்டால் பாவம், என்னதான் செய்யும்?

நான் முதலில் கேட்பது: "தினம் எவ்வளவு நேரம் ஓடுது?" பதில் வராது. தெருமுனை வரை சங்கிலியில் போய் வருவது ஓட்டமில்லை.

குட்டியானால் நாலு மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் பால்பல் விழுந்து 42 பற்கள் முளைக்கும், கடிக்கத்தான் செய்யும். செருப்பை மேலே வைத்துவிட்டு, கடிக்க ரப்பர் பொம்மை கொடுக்கச் சொல்லுங்கள். வளர்ந்ததற்கு வெயில் ஏறுமுன் வேலி போட்ட மைதானத்தில் நல்ல ஓட்டம் வேண்டும். சோற்றைத் தட்டில் கொட்டாமல், உருண்டை பிடித்து மூலைக்கொன்றாக ஒளித்துத் தேடவிடலாம். மத்தியானம் கிழித்ததற்குச் சாயங்காலம் அடித்தால் அதற்குப் புரியாது. உங்களைக் கண்டு பயப்படும், அவ்வளவுதான். ஆள் வெளியே போனதுமே ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டினால் அது தனிமைப் பயம், வைத்தியம் வேறு.

இடமும் நேரமும் இல்லாதவர் குட்டி வாங்குமுன் யோசனை கேட்டால், "வேண்டாம் சார்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதற்கு நான் ஃபீஸ் வாங்குவதில்லை.