பதினோராம் தோட்டா

வார இதழையும் மாத இதழையும் குறித்துப் பழகிய 'மேகசின்' என்ற சொல், துப்பாக்கி உலகில் வேறொன்றைக் குறிக்கிறது: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோட்டாக்களை அடியிலுள்ள சுருள்வில் மேலே உந்த, துப்பாக்கியில் செருகிக் கழற்றும் பெட்டியே அது. அப்பெட்டியில் எத்தனை தோட்டா அடங்கலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் சில வகுத்த வரம்பைத்தான், குடிமகனின் கையைக் கட்டும் கொடுமை என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் முழங்குகிறார்கள்.

நாடு முழுமைக்கும் பத்துத் தோட்டா என்று 1994இல் விதித்த சட்டம், பத்தாண்டு ஆயுளோடு பிறந்து 2004 செப்டம்பரில் புதுப்பிக்கப்படாமல் மாண்டது. அதன்பின் வரம்பு மாநிலங்களின் பொறுப்பாயிற்று. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 10, கொலராடோவில் 15, டெலவேரில் 17. வெர்மான்ட்டிலோ நீள்துப்பாக்கிக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15. அதற்கும் வரம்பே இல்லாத நியூ ஹாம்ப்ஷயருக்கும் நடுவே கனெக்டிகட் ஆறு ஓடுவதால், சட்டம் மேற்கரையோடு நின்றுவிடுகிறது.

மேகசினை மாற்ற இரண்டு நொடி போதும், ஆகவே வரம்பு கொலைகாரனைத் தடுக்காது என்பவர்களே, மறுமூச்சில், வரம்பு இருந்தால் வீட்டுக்காரர் கள்வனிடம் உயிரை இழப்பார் என்கிறார்கள். மாற்றுவது அத்தனை எளிதென்றால் வீட்டுக்காரருக்கு இழப்பேது? கடினமென்றால் கொலைகாரனுக்கும் அது கடினந்தானே? 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில், காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த கடைவாசலில் சுட்டவனிடம் 33 தோட்டா கொள்ளும் மேகசின் இருந்தது, அறுவர் இறந்தனர். அது தீர்ந்து அடுத்ததை மாற்ற முனைந்த இடைவெளியில்தான் சுற்றியிருந்தவர்கள் அவனை மடக்கினார்கள். அந்த இடைவெளி பதினோராம் தோட்டாவின் இடத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர, இச்சட்டங்கள் வேறெதையும் கேட்கவில்லை.

துப்பாக்கிச் சட்டம் எதுவும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் வகுத்த அளவுகோலும் வேடிக்கையானதே. அரசியலமைப்பு எழுதப்பட்ட காலத்துப் படைவீரன், ஒரு குண்டு சுட்டதும் மறுபடி மருந்திட்டுக் கெட்டித்தவன்; அந்த மரபுக்குப் பத்துத் தோட்டாவே மிகை.

ஆயினும் இச்சட்டங்களைக் கெடுப்பது எதிரிகள் மட்டுமல்ல, அவற்றுக்குள்ளேயே வைத்த விலக்கும்தான். முன்பே வாங்கியவை இருக்கட்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் விட்டது. 2000 முதல் விற்பனையைத் தடுத்த கலிபோர்னியாவும் கையிருப்பைத் தொடவில்லை. வைத்திருப்பதே குற்றம் என்று அம்மாநில வாக்காளர்கள் 2016இல் முடிவுசெய்தார்கள்; 2019 மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அத்தடையோடு விற்பனைத் தடையையும் நீக்கவே, கடைகளில் வாங்குவோர் மொய்த்தார்கள். ஒரு வாரத்தில் அவரே தம் தீர்ப்பை நிறுத்திவைத்தபோதும், அவ்வாரத்தில் வாங்கியவர்களுக்குக் காப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு 2025 மார்ச்சில் சட்டம் செல்லும் என்று அறிவித்தபோது, அந்தப் பெட்டிகள் வீடுகளுக்குள் போய் ஆறாண்டுகள் ஆகியிருந்தன.