மணிக்கயிறு ஒன்று, இழுப்போர் இருவர்

1990ஆம் ஆண்டுகளில் வீட்டில் கணினி வைத்திருந்தோர் பலர் கண்ட தொல்லை ஒன்றுண்டு. சுட்டி நன்றாக இயங்கும். தொலைபேசி வழியே செய்தி அனுப்பும் மோடமும் நன்றாக இயங்கும். ஆனால் மோடம் அழைக்கத் தொடங்கியதும் சுட்டி அசைவற்று நின்றுவிடும். சுட்டி பழுதென்று எறிந்துவிட்டுப் புதியது வாங்கினாலும் தொல்லை தீராது. ஏனெனில், பழுது எதிலும் இல்லை.

கணினியின் செயலி இடையறாது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விசையொன்று அழுத்தப்பட்டால், விசைப்பலகை அதனை மணியடித்து அழைக்கிறது என்று கொள்வோம். செயலி தான் விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அழைத்த கருவியைக் கவனித்து, மீண்டும் தன் வேலைக்குத் திரும்புகிறது. இவ்வழைப்பே குறுக்கீடு எனப்படும். எந்த மணி ஒலித்தது என்பதைக் கொண்டே அழைத்தவர் யாரென்று செயலி அறிகிறது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இத்தகைய மணிகள் எட்டே இருந்தன. 1984இல் வந்த ஏ.டி. கணினியில் அவை பதினாறாயின. அவற்றுள் ஒன்று இரு கட்டுப்பாட்டுச் சில்லுகளையும் இணைக்கச் செலவாயிற்று. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, நெகிழ்வட்டுக்கு 6, வன்தட்டுக்கு 14 என முன்னரே பங்கிடப்பட்டமையால், புதிய அட்டைகளுக்கு எஞ்சியவை சிலவே.

நாம் முதலில் கூறிய தொல்லைக்கு வருவோம். தொடர் வாயில்களுள் முதலாவதும் மூன்றாவதும் வழக்கமாக 4ஆம் எண்ணையே பயன்படுத்தும். இரண்டாவதும் நான்காவதும் 3ஆம் எண்ணைப் பயன்படுத்தும். சுட்டி முதல் வாயிலிலும் மோடம் மூன்றாம் வாயிலிலும் இருப்பின், கயிறு ஒன்று, இழுப்போர் இருவர். அக்காலத்து ஐ.எஸ்.ஏ. அட்டைகளில், கயிறு இழுக்கப்படும் அந்தக் கணமே அழைப்பாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி இருக்க, மற்றவர் இழுப்பது கேளாமற் போகும்.

இதற்குப் பரிகாரம் என்ன? பொறுமையும் ஒழுங்குமே. முதலாவதாக, எந்தக் கருவிக்கு எந்த எண் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 95இல் கருவி மேலாளர் இப்பட்டியலைக் காட்டும். முரண்பட்ட கருவிக்கு அருகே மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தோன்றும். அங்கும் தெளிவு கிடையாவிடின், மின்னிணைப்பை அகற்றி, பின்னர் சேர்த்த அட்டைகளைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். எந்த அட்டையுடன் தொல்லை மீளுகிறதோ, அது வழக்கில் ஒரு கட்சி.

அவ்வட்டையிலுள்ள ஜம்பர் எனும் சிறு இணைப்பியை இடம் மாற்றி, வெறுமையாக உள்ள எண்ணொன்றைக் கொடுங்கள். 5, 10, 11 ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். ஆயினும் பழைய எட்டு பிட் அட்டைகள் 10, 11 ஆகியவற்றை எட்டமாட்டா. எண்ணை மாற்றியபின் மென்பொருளுக்கும் அதனை அறிவித்தல் வேண்டும். பலர் மறப்பது இதனையே. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது பயன் தந்ததென்று அறிய முடியாது.

பின்னர் வந்த பி.சி.ஐ. முறையில் பல கருவிகள் ஒரே கயிற்றைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. இன்றைய கணினிகளிலோ கருவிகள் தனிக் கயிற்றுக்குப் பதிலாகச் செய்தியொன்றையே செயலிக்கு அனுப்புகின்றன. ஆகவே இம்முரண்பாடு இப்போது அரிது. பழைய கணினிகளைப் பேணுவோரிடத்து மாத்திரம் அது நிலைத்திருக்கிறது.

ஆயினும் அது கற்பித்த முறை பழையதாகிவிடவில்லை. இயங்காத கருவியைக் குப்பையில் இடுமுன், இறுதியாக எதனை மாற்றினோம் என்றும், இரு கருவிகள் ஒன்றையே வேண்டி நிற்கின்றனவா என்றும் வினவுவோம். நல்ல கருவியொன்று காப்பாற்றப்படும். வீண் செலவும் தவிர்க்கப்படும்.