பார்வையாளர்களுக்கும் சாதி உண்டு

(குன்னூரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் நடத்திய விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தம்பி தங்கைகளே, வேலை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே,

‘விளையாட்டும் தன்னம்பிக்கையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள், “உன்னால் முடியும் என்று நம்பு, மற்றதெல்லாம் தானாக நடக்கும்” என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு போய்விடுவார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. நம்முடைய தன்னம்பிக்கையில் பாதி, கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களின் கையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

கூட்டம் பார்த்தால் ஆட்டம் கூடுமா, குறையுமா? பழைய கேள்விதான். தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது சைக்கிள் வீரர்கள் வேகமாகப் போகிறார்கள் என்று 1898இல் நார்மன் டிரிப்ளெட் என்ற அமெரிக்கர் எழுதினார். அப்படியானால் கூட்டத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கால் பின்னிக்கொள்வது ஏன்? 1965இல் ராபர்ட் சையோன்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். யாராவது பார்க்கும்போது நம் உடம்பில் ஒரு முறுக்கு ஏறுகிறது. கை நன்றாகப் பழகிய வேலை என்றால், அந்த முறுக்கில் அது இன்னும் நன்றாக வரும். பழகாத வேலை என்றால் கெட்டுப்போகும்.

இதை உங்களுக்கு ஆய்வகத்தில் காட்ட வேண்டியதில்லை. இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கும் அக்காவின் பக்கத்தில் மேஸ்திரி வந்து நின்றால், அவர் கை இன்னும் வேகமாகப் போகும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் பக்கத்தில் நின்றால், கொழுந்தோடு முற்றல் இலையும் சேர்ந்து வரும். மேஸ்திரி ஒருவர்தான். கை பழகியதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் அடுத்த கேள்வி, பழகுவதற்கு யாருக்கு இடம் கிடைத்தது என்பது. இந்த மலையில் சமதரை பொன் மாதிரி. அந்தச் சமதரை யாரிடம் போனது? ஸ்னூக்கர் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில்தான் ஒழுங்குபடுத்தப்பட்டன என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அது வெள்ளை அதிகாரிகளின் கிளப். ஆடியவர்களும் அவர்களே, கைதட்டியவர்களும் அவர்களே. ஊட்டி பேருந்து நிலையத்தை ஒட்டி அவ்வளவு பெரிய சமவெளி கிடந்தது. தலைமுறை தலைமுறையாக அதில் குதிரை ஓடியது. 2024இல்தான் அரசு அந்த நிலத்தை மீட்டது. லயன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது வாசலுக்கு முன்னால் உள்ள சரிவு. பந்து தேயிலைக்குள் உருண்டால், தேடி எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மைதானமும் பயிற்சியாளரும் கிடைத்தவனைக் கூட்டம் தூக்கிவிடுகிறது. கிடைக்காதவனை அதே கூட்டம் தடுக்கிவிடுகிறது. பிறகு, “அவனுக்கு ரத்தத்திலேயே ஆட்டம் இருக்கு” என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது பாதிக் கதைதான். எல்லோரையும் கூட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. எங்கள் தாத்தா, 1964ஆம் ஆண்டு சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். நான் பள்ளிக்காக ஆடிய கால்பந்துப் போட்டிகளில் என் காலுக்குப் பந்து வந்தாலே ஓரத்திலிருந்து, “டேய் சிலோன்காரா” என்று குரல் வரும். எதிரணிப் பையன் பந்தை மட்டும் பார்த்தால் போதும். எனக்குப் பந்தையும் பார்க்க வேண்டும், அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்றும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவன் ஆடியது ஒரு ஆட்டம், நான் ஆடியது இரண்டு.

இது வெறும் என் மனப்பிரமையா? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். 2004இல் அதன் முடிவு வெளியானது. ஆதிக்க சாதி மாணவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைத் தீர்த்தால் பணம். யாருடைய சாதியையும் சொல்லாதபோது இரு தரப்பும் சமமாகவே தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலும் வாசித்த பிறகு, அதே புதிர்களில் பெரிய இடைவெளி விழுந்தது.

அடுத்து வந்ததுதான் முக்கியம். பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று சொன்னதும், அந்த இடைவெளி மறைந்துவிட்டது. சாதி தெரிந்த ஒரு மனிதர் தீர்ப்புச் சொல்வார் என்றால், எவ்வளவு முயன்றாலும் நமக்கு நியாயம் கிடைக்காது என்று அந்தப் பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். குலுக்கல் சீட்டுக்குச் சாதி தெரியாது. அந்தப் பிள்ளைகளிடம் திறமையும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. பார்க்கிறவர்கள் மீதுதான் நம்பிக்கை இல்லை. அவர்கள் கணக்கு தப்பு என்று யார் சொல்ல முடியும்?

“திறமை இருந்தால் கூட்டம் தானாக மாறும்” என்பார்கள். பல்வங்கர் பாலுவைப் பாருங்கள். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்துவீசிப் பழகிய தலித் வீரர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அவர் பந்தில் விக்கெட் விழுந்தால் இந்து அணி கொண்டாடும். ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். கடைசிவரை அந்த அணியின் தலைமையை அவருக்குத் தரவே இல்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் தலைவரானார்.

நூறு வருடம் கழித்து என்ன நடந்தது? டோக்கியோ ஒலிம்பிக், 2021. கொரோனாவால் அரங்கில் பார்வையாளர்களே இல்லை. ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. உடனே ஹரித்வார் அருகே ரோஷனாபாத் கிராமத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். காலி அரங்கில் ஆடினாலும் சாதிக் கூட்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வெண்கலப் போட்டியில் பிரிட்டனுக்கு எதிராக வந்தனா ஒரு கோல் அடித்தார். “பார்த்தாயா, அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது” என்று இதை மேற்கோள் காட்டாதீர்கள். அந்தப் பாரம் அவர் தலையில் ஏறியிருக்கவே கூடாது.

ஆகவே, தோழர்களே, பிள்ளைகளைப் பார்த்து “தைரியமாக இரு” என்று சொல்வதோடு நம் வேலை முடியாது. முதலில் பழக இடம் வேண்டும். தோட்டங்களில் இருக்கும் சமதரையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி, கூலி உயர்வு கேட்கும் அதே மனுவில் கேளுங்கள். அடுத்து, ஓரத்திலிருந்து சாதியையோ ‘சிலோன்காரன்’ என்றோ ஒரு குரல் வந்தால், அதை ஆடுகிற பிள்ளை சமாளிக்கட்டும் என்று விடாதீர்கள். ஆட்டத்தை நிறுத்துங்கள், குரல் கொடுத்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். சட்டம் தேவைப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் இருக்கிறது.

மூன்றாவதாக, நாமே கூட்டமாகப் போக வேண்டும். நம் பிள்ளைகள் வெளியூரில் ஆடப் போகும்போது ஒரு ஜீப்பாவது நிறைய ஆட்கள் போங்கள். ஜெயித்தால் மட்டும் கைதட்டுவதற்காகப் போக வேண்டாம். பந்தைத் தவறவிட்டாலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் மட்டும் போதும்.

இன்னும் பத்து நிமிடத்தில் பெண்கள் கபடி தொடங்குகிறது. கோட்டைச் சுற்றி நெருக்கமாக நில்லுங்கள்.