சொப்பனத்திலும் இங்கிலீஷ்

(பூந்தமல்லியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் காணும் சொப்பனங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். அடிமை நாட்டு மக்களின் கனவைப் பற்றி அல்ஜீரியாவில் வைத்தியம் பார்த்த ஃபனான் 1961-ல் எழுதினார். பகலில் கட்டுண்டு கிடப்பவன் இரவில் ஓடுகிறான், தாண்டுகிறான் என்றார். 1982-ல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் கார்டன் லாரன்ஸ் என்பவர், பலர் கூடிக் கனவுகளைச் சொல்லும் முறையைத் தொடங்கினார். சொன்னவரின் மனதை யாரும் குடைவதில்லை. ஒரு கனவின் பக்கத்தில் இன்னொரு கனவை வைத்து, இவை எந்தச் சமுதாயத்தில் முளைத்தவை என்று பார்ப்பார்கள்.

சென்ற மாதம் மாணவர் சிலரை இப்படி உட்கார வைத்தோம். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன் சொன்னான்: பரீட்சைத் தாளில் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்து ஓடிவிடுகின்றனவாம். ஒரு பெண்ணுக்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வாய் தைத்துக் கிடக்கிறதாம். “எனக்கும்தான்” என்றார்கள் இன்னும் இருவர். நால்வரும் தமிழில் படித்துப் பள்ளியில் நல்ல மார்க் வாங்கியவர்கள். அன்றுவரை ஒவ்வொருவரும் ‘நான்தான் மக்கு’ என்று தனியே குமைந்திருக்கிறார்கள்.

அந்த வாயைத் தைத்தது யார்? வெள்ளைக்காரப் பட்டாளம் முகாமிட்டிருந்த ஊர் இது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுகிறவனுக்கும் ஜனங்களுக்கும் நடுவே துபாஷியாக நிற்க ஒரு கூட்டம் வேண்டுமென்று மெக்காலே 1835-ல் எழுதி வைத்தான். 1857-ல் சென்னை சர்வகலாசாலை வந்தது. துரை போய்விட்டான், பரீட்சை மண்டபம் அப்படியே நிற்கிறது.

தமிழில் விஞ்ஞானம் முடியாது என்பார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களிலேயே சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். மதம் பரப்ப வந்தவர்தான், இருந்தாலும் உடற்கூறு நூல்களைத் தமிழில் அச்சேற்றினார்.

2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழில் தொடங்கியது. அதே ஆண்டு, தமிழில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. அது தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. அவன் நேர்முகத்தில் முதலில் இங்கிலீஷைத்தான் நிறுத்துப் பார்க்கிறான். பாடம் தமிழில், சோறு இங்கிலீஷில் என்றால் எந்தத் தகப்பன் துணிவான்? ஆகவே பாடப் புத்தகமும் வேலையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் மறுபடி உட்காருகிறோம். பிள்ளைகளை அனுப்புங்கள். நீங்களும் வாருங்கள், மனு எழுத ஆள் தேடி அலைகிற சொப்பனம் உங்களுக்கும் வந்திருக்குமே!