"தூதரகத்துக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கொழுந்துச் சம்பளம் போதாமல் நம் லயங்களிலிருந்து பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அடி தாங்காமலோ சம்பளம் கிடைக்காமலோ ஒருத்தி அந்த வீட்டை விட்டு வெளியேறினால், "ஓடிவிட்டாள்" என்று எஜமான் பொலிஸில் முறைப்பாடு செய்வார். பிறகு பிடிபட்டால் நாடுகடத்தும் நிலையத்தில் அடைப்பு. செய்தி வந்ததும் இங்கே நாம் கேட்பது, "என்ன தப்புப் பண்ணினாள்?" விசா இல்லாமல் இருப்பது வேறு, களவு எடுப்பது வேறு. கேட்க வேண்டியது, "தூதரகத்துக்குத் தெரியுமா?"

1963ஆம் ஆண்டின் வியன்னா சாசனத்தைக் குவைத்தும் சவூதியும் ஏற்றிருக்கின்றன. பிடிபட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி நேரில் வந்து பேசலாம், சட்டத்தரணிக்கு ஏற்பாடு செய்யலாம்.

"விசிட் விசாவில் போனவள், பணியகத்தில் பதியாதவள், அவளை யார் பார்ப்பார்?" என்று ஏஜென்ட்மார் பயமுறுத்துவார்கள். பதியாவிட்டால் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். தூதரகம் இல்லாமல் போகாது. அது பிரஜை என்பதால் வரும் உரிமை. 1948இல் பிரஜாவுரிமையை இழந்து, நம்மில் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தோம். அந்தச் சொல்லின் பெறுமதியை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

உள்ளே இருப்பவர் விளங்காத அரபுக் கடதாசியில் கையொப்பம் வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். எஜமான் களவு முறைப்பாடும் போட்டிருந்தால் அது தனி வழக்கு; அதிகாரியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்பள பாக்கியை விமானம் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊருக்கு வந்தபின் வாங்குவது மிகக் கடினம். வழக்கை நடத்த ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டு வரவும் முடியுமா என்று தூதரகத்தில் கேட்கலாம். குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டப்படி, பணியாளரின் சம்மதமின்றி எஜமான் கடவுச்சீட்டை வைத்திருக்கக் கூடாது. அவர் தராவிட்டாலும் ஊர் திரும்பத் தூதரகம் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுக்கலாம்.

அந்தப் பத்திரத்துக்கு ஆள் இன்னார் என்று நிரூபிக்க வேண்டும். நம் தோட்டங்களில் இங்கேதான் சிக்கல். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொன்று. கொப்பியும் வீட்டில் இருக்காது, எல்லாம் ஏஜென்டின் பையில்.

தகவல் கிடைத்த அன்றே 1989க்கு அழையுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது மறந்து போகும், இலக்கம் போகாது. பத்தரமுல்லை வரை போக முடியாதவர்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அதிகாரியைப் பாருங்கள். "காசு தந்தால் எடுத்துவிடுவேன்" என்று வருபவனிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டார், கடவுச்சீட்டு, ஒப்பந்தம், ஏஜென்டுக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டு எல்லாவற்றுக்கும் இந்தச் சம்பள நாளிலேயே இரண்டு கொப்பி எடுங்கள். ஒன்றைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.