சுவாசப்பை புற்றுநோயும் மனச்சோர்வும்



சுவாசப்பை புற்றுநோய்க்கு என்ன மருந்து என்பதை டாக்டர்மார் சொல்வார்கள். அந்த நோயாளியின் மனதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இன்று நாம் அதைப் பேசுவோம்.

லயத்தில் ஒருவருக்கு இந்த வருத்தம் என்று தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? நோயின் பேரைச் சொல்லாமல் காம்பராவுக்கு வெளியே நின்று குசுகுசுக்கிறோம். அவருக்கு விளங்காதா? நல்லாவே விளங்கும். பிறகு சாப்பாட்டைக் குறைப்பார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். "மகரகமவுக்குப் போய் என்னத்துக்கு, பஸ் காசுதான் நட்டம்" என்பார். நாமும் "கவலை இருக்கும்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

கவலை இருக்கும்தான். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் நல்லது என்ற பேச்சு வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. மனச்சோர்வும் சேர்ந்த நோயாளிகள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்வதாகப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதற்காக, "மனதை விட்டதால்தான் நோய் முற்றியது" என்று அவரைக் குறை சொல்லாதீர்கள். நோய் முற்றும்போதும் மனம் சோரும்தானே.

2010இல் அமெரிக்காவில், பொஸ்டன் நகரில், இந்த நோய் பரவிவிட்ட 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, வலி, மூச்சுக் கஷ்டம், மனக்கவலை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்தே விசாரித்துப் பார்க்க ஒரு வைத்தியக் குழு. முதல் பகுதியில் 100க்கு 38 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. மற்றப் பகுதியில் 16 பேரிடம்தான். முதல் பகுதியில் பாதிப் பேர் 8.9 மாதம் தாண்டினார்கள், மற்றதில் பாதிப் பேர் 11.6 மாதம் தாண்டினார்கள். மனம் தேறியது மட்டும்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. மூன்று மாதம்கூட இல்லையே என்பீர்கள். பேத்தியின் சடங்கைப் பார்க்க அது போதும்.

பயமும் ஒரு பக்கம். மூச்சு வாங்கினால் பயம் வரும், பயத்தில் மூச்சு இன்னும் வாங்கும். அப்போது அவரை உட்கார வைத்து முன்னுக்குச் சாய விடுங்கள். மூக்கால் இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே விசிறுங்கள். அப்படியும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிளினிக்குக்குக் கூடப் போகிறவர் இருமலை மட்டும் சொல்லாமல், தூங்காததையும் அழுவதையும் சொல்ல வேண்டும். சிங்களம் வராது என்று பேசாமல் இருக்க வேண்டாம், தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். வீட்டிலிருந்தே பேசுவதென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.